தினம் ஒரு ஆப்பிள்: கடையில் பொறுக்குவதிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை

நம் ஊரில் ஆப்பிளுக்கு ஒரு தனி மரியாதை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஆப்பிள், பெண் பார்க்கப் போனால் தட்டில் ஆப்பிள், பிள்ளை உண்டானவளுக்கு ஆப்பிள். எல்லோரும் நன்றாக இருக்கிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் மட்டும் யாரும் வாங்குவதில்லை. மரியாதையில் பாதி விலைக்கு, மீதி அது ஒரு மருந்து என்ற நம்பிக்கைக்கு.

மருந்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஒழுங்காகத் தின்றால் பலன் தருகிற நல்ல பழம், அவ்வளவே. அந்தப் பலன் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: தோல், மென்று தின்பது, நாம் அன்றாடம் தின்னும் எந்தப் பண்டத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பது. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. தோலைச் சீவி எறிந்துவிட்டு, மிக்ஸியில் சர்க்கரையோடு அடித்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு குடிக்கிறோம். அப்புறம் "ஆறு மாசமா ஆப்பிள் சாப்பிடறேன், கொலஸ்ட்ரால் அப்படியே இருக்கு" என்ற புகார். அதனால் வாங்குவதில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம்.

படி 1: எதற்காகத் தின்கிறோம் என்று முடிவு செய்வது

100 கிராம் ஆப்பிளில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். 52 கலோரி, சுமார் 10 கிராம் சர்க்கரை, தோலோடு தின்றால் 2.4 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி 5 மில்லிகிராம்கூடத் தேறாது. அதே எடை கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே வைட்டமினுக்காக ஆப்பிள் வாங்குகிறேன் என்றால் பக்கத்துக் கூடையில் கொய்யா இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரும்புச்சத்து விஷயம் இன்னும் மோசம். "ஆப்பிள் சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று சொல்லாத பாட்டி இல்லை. நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அது இரும்பு துருப்பிடிப்பதுதான் என்று விளக்கம் வேறு. பழுப்பாவதற்குக் காரணம் பழத்திலிருக்கும் ஒரு நொதி. வெட்டுப்பட்ட இடத்தில் காற்று பட்டதும், பழத்திலுள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்களை அது நிறம் மாற்றிவிடுகிறது. கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதும் இதனால்தான். ஆப்பிளில் உள்ள இரும்பு 100 கிராமுக்கு சுமார் 0.1 மில்லிகிராம். வளர்ந்த இந்தியப் பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 29 மில்லிகிராம். ரத்தசோகை என்று டாக்டர் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். ஈரல், கீரை, கம்பு, பயறு வகைகளை எலுமிச்சையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, அப்படியானால் எதற்கு?

முதலாவது, கெட்ட கொலஸ்ட்ரால். ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்து ஆப்பிளில் தாராளமாக உண்டு. கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துத்தான் பித்தநீரைச் செய்கிறது. பித்தநீர் குடலுக்கு வந்து வேலை முடிந்ததும் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போய்விடும். பெக்டின் கூழாகி அதில் ஒரு பங்கைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட கல்லீரல் ரத்தத்திலிருந்து மேலும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2020-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கொலஸ்ட்ரால் சற்றே கூடுதலாக இருந்த 40 பேர் 8 வாரம் தினமும் இரண்டு ஆப்பிள் தின்றார்கள். ஆப்பிளுக்கு ஈடான சர்க்கரையும் கலோரியும் உள்ள பானத்தைக் குடித்த காலத்தோடு ஒப்பிட்டபோது, மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலும் குறைந்திருந்தன. குறைந்த அளவு 4 சதவீதத்துக்கு உள்ளேதான். மாத்திரைக்கு மாற்று என்று சொல்ல முடியாத அளவு. ஆனால் ஒரு பழத்தால் இவ்வளவு என்றால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது.

இரண்டாவது, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு. அமெரிக்காவில் செவிலியர்களையும் மற்ற மருத்துவத் துறை ஊழியர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்து, 1,87,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கை 2013-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு மூன்று முறை ஆப்பிளோ பேரிக்காயோ கூடுதலாகத் தின்றவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. பழச்சாறு அதே அளவு கூடுதலாகக் குடித்தவர்களுக்கு சுமார் 8 சதவீதம் அதிகம். இது உற்றுநோக்கிய ஆய்வுதான். ஆப்பிள் தின்பவர்கள் வேறு பல நல்ல பழக்கமும் உள்ளவர்களாக இருக்கலாம். இருந்தாலும் பழம் ஒரு பக்கமும் சாறு எதிர்ப்பக்கமும் போனதை மறக்க வேண்டாம், ஆறாவது படியில் வேலைக்கு ஆகும்.

மூன்றாவது மலச்சிக்கல். இதற்கு ஆய்வைத் தேட வேண்டியதில்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் சார்பிட்டால் என்ற இயற்கைச் சர்க்கரை ஆல்கஹாலும் சேர்ந்து வேலையைச் செய்துவிடும்.

"தினம் ஒரு ஆப்பிள், டாக்டர் தேவையில்லை" என்ற பழமொழி நம்முடையது அல்ல. வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக்‌ஷயர் பகுதியில் புழங்கியதாக 1866-இல் அச்சில் வந்தது. படுக்கப் போகுமுன் ஓர் ஆப்பிள் தின்றால் டாக்டருக்குச் சோறு கிடைக்காது என்பது அதன் பழைய வடிவம். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 8,399 பேரின் தகவலில் தினமும் ஆப்பிள் தின்றவர்கள் 753 பேர். படிப்பு, வருமானம், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு, டாக்டரிடம் போவதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளின் தேவை மட்டும் ஆப்பிள்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர்கள் பிழைத்தார்கள், மருந்துக்கடைக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

படி 2: வாங்குவது

பலரும் சறுக்கும் இடம் இதுதான். விலையும் பளபளப்பும் பார்த்து வாங்கி, கடித்தால் மாவு மாவாக இருக்கும். இரண்டு நாள் அப்படி இருந்தால் மூன்றாம் நாள் பழக்கமே விட்டுப்போகும்.

முதலில் பருவம். இந்தியாவில் விளைகிற ஆப்பிளில் பெரும்பகுதி காஷ்மீரிலிருந்து வருகிறது, அடுத்து இமாசலப் பிரதேசம், பிறகு உத்தராகண்ட். இமாசல ஆப்பிள் ஜூலையில் வரத் தொடங்கும். காஷ்மீர் ஆப்பிளின் பெரும் வரத்து செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில். நம் கடைக்காரர் இரண்டையும் "சிம்லா ஆப்பிள்", "காஷ்மீர் ஆப்பிள்" என்று மனம்போல் கூப்பிடுவார், அதை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை வாங்குவது பெரும்பாலும் அந்த ஆண்டு பறித்த பழம். விலையும் இறங்கியிருக்கும். பழக்கத்தைத் தொடங்க இதுவே சரியான காலம்.

மார்ச், ஏப்ரலில் கிடைக்கும் இந்திய ஆப்பிள் குளிர்கிடங்கிலிருந்து வருவது. புல்வாமா மாவட்டத்தின் லாசிபோராவில் இதற்கென்றே பெரிய கிடங்குகள் இருக்கின்றன. வெப்பத்தைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இறக்கி, காற்றில் ஆக்சிஜனை வெகுவாகக் குறைத்து, பழத்தைக் கிட்டத்தட்டத் தூங்க வைத்துவிடுவார்கள். அப்படி வைத்த பழம் மாதக்கணக்கில் கெடாது. "ஆறு மாசப் பழம், விஷம்" என்று வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்களே, அதற்கு அவசியமில்லை. வைட்டமின் சி கொஞ்சம் குறையும், அது முதலிலேயே குறைவுதான். நார்ச்சத்து போதிய அளவு இருக்கும், தோலின் பாலிஃபீனால்களும் பெரிதாகக் குறைவதில்லை. கிடங்கிலிருந்து எடுத்து வெயிலில் தள்ளுவண்டியில் நாலு நாள் கிடந்த பழம்தான் பிரச்சினை. தூக்கம் கலைந்தவுடன் வேகமாக முதிர்ந்து மாவாகிவிடும்.

கோடையில் சிலி, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பழங்களும் வரும். அங்கே பருவம் நமக்குத் தலைகீழ், பிப்ரவரியிலிருந்து பறிக்கிறார்கள். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ராயல் காலா என்ற ரகத்தை வாங்கினால் மொறுமொறுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். காசு கூடத்தான். ஆனால் வெளிநாட்டுப் பழத்தில் சத்து கூடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்டிக்கருக்குச் சத்து கிடையாது. ஸ்டிக்கரில் இருக்கும் நான்கு இலக்க எண் ரகத்தையும் அளவையும் குறிப்பது. 9-இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் இயற்கை முறையில் விளைந்தது என்று அனுப்பியவர் சொல்கிறார் என்று பொருள்.

இனி கையில் எடுத்துப் பார்ப்பது. சிவப்பு நிறத்தைப் பார்க்க வேண்டாம். சிவப்புக்கு நடுவே, காம்பைச் சுற்றித் தெரியும் அடிநிறத்தைப் பாருங்கள். இளம்பச்சையோ வெளிர்மஞ்சளோ என்றால் நல்லது. மங்கலான அழுக்கு மஞ்சள் என்றால் முற்றி மாவாகிவிட்டது. அளவுக்கு ஏற்ற கனம் வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. விரலால் சுண்டினால் கெட்டியான சத்தம் வரும், மாவுப் பழத்தில் மந்தமாக ஒலிக்கும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருந்தால் வைத்துவிடுங்கள்.

ரகத்தில், அடர்சிவப்பாக, கீழே ஐந்து முண்டு தெரியும் டெலிஷியஸ் வகைதான் நம் கடைகளில் அதிகம். பருவத்தில் வாங்கினால் அருமை, பருவம் தவறினால் முதலில் மாவாவதும் அதுவே. இந்த ரகம் இமாசலத்துக்கு வந்த கதை சுவையானது. பிலடெல்பியாவிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற இளைஞர் சிம்லாவுக்கு மேலே கோட்கரில் குடியேறி, 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். மலைவாசிகளுக்குப் பணப்பயிர் கிடைத்தது. அவரோ சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து சிறைக்குப் போனார், பின்னாளில் சத்யானந்த் ஆனார்.

புளிப்பு பிடிக்கும் என்றால் பச்சை நிற கிரானி ஸ்மித். சர்க்கரை சற்றுக் குறைவு, மிளகாய்த்தூளும் உப்பும் தூவினால் மாங்காய்க்குத் தங்கச்சி. ஃபூஜி நல்ல இனிப்பு, மொறுமொறுப்பு நீண்ட நாள் நிற்கும். பழக்கம் நிலைக்க வேண்டும் என்றால் சத்துப் பட்டியலை விட நாக்குக்குப் பிடித்த ரகம்தான் முக்கியம்.

படி 3: வைத்திருப்பது

ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஃபிரிட்ஜின் அடித்தட்டில், பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள், கழுவாமல். வெளியே வைத்தால் நம் வெயிலில் நாலைந்து நாளில் மொறுமொறுப்பு போய்விடும்.

ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை நிறைய வெளியிடும். பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். தனியாக வையுங்கள். பழுக்காத மாங்காயோ வாழைச்சீப்போ இருந்தால் அதனோடு ஓர் ஆப்பிளைக் காகிதப்பையில் போட்டு மூடி வைத்தால் சீக்கிரம் பழுக்கும், இது இலவச உபயோகம்.

படி 4: கழுவுவது

கத்தியால் சுரண்டி வெள்ளை மெழுகைக் காட்டும் வீடியோவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. ஈரம் வெளியேறாமல் பழம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பறித்த பிறகு கழுவும்போது அதில் கொஞ்சம் போய்விடுவதால் சிலர் திரும்பப் பூசுகிறார்கள். தேன்மெழுகு, கார்னோபா என்ற பனையிலை மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்திருக்கிறது, பூசியிருந்தால் சொல்லவும் வேண்டும். இவை வயிற்றில் செரிக்காமல் வெளியே போய்விடுபவை. மெழுகை விட அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்துதான் கவலைப்பட வேண்டியது.

அதற்கு நல்ல வழி ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் காலா ஆப்பிள்கள் மீது இரண்டு மருந்துகளைத் தடவி, குழாய்த் தண்ணீர், ப்ளீச் கரைசல், சமையல் சோடாக் கரைசல் மூன்றிலும் கழுவிப் பார்த்தார்கள். சோடாதான் வென்றது. மேற்பரப்பில் இருந்ததை முழுதாக நீக்க 12 முதல் 15 நிமிடம் ஆனது.

நம் வீட்டு முறை இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரையுங்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டு ஆப்பிளைப் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். காம்புக்குழியிலும் அடிக்குழியிலும் விரல் விட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசித் துடையுங்கள். சோப்பு வேண்டாம். வினிகர், உப்பு, மஞ்சள் எல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள், சோடா போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தோலுக்குள் இறங்கிவிட்ட மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது, சீவினால்தான் போகும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அப்படியானால் சீவலாமா? நடுத்தர ஆப்பிளில் தோலைச் சீவினால் நார்ச்சத்து 4.4 கிராமிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்களில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது. வளர்ந்தவர்கள் நன்றாகக் கழுவித் தோலோடு தின்பதே லாபம் என்பது என் கணிப்பு. சின்னக் குழந்தைகளுக்குச் சீவிக் கொடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

படி 5: எவ்வளவு, எப்போது

கிலோவுக்கு ஆறு நிற்கும் பழம் என்றால் ஒன்று ஏறக்குறைய 165 கிராம். நாளுக்கு அதில் ஒன்று. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி பழத்துக்கு ஒதுக்குவது நாளுக்கு 100 கிராம்தான், ஆகவே ஓர் ஆப்பிளில் அந்தக் கணக்கு தீர்ந்து மீதியும் இருக்கும். நார்ச்சத்தில் உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 25 கிராமில் ஆறில் ஒரு பங்கு வந்துவிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்க நினைப்பவர்கள் இரண்டு வரை போகலாம். மூன்றாவதுக்கு அவசியமில்லை, அந்தக் காசில் வேறு பழம் வாங்குங்கள்.

வெறும் வயிற்றில்தான் தின்ன வேண்டும், ராத்திரி தின்றால் விஷம் என்பதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. ஆனால் நேரத்தால் வித்தியாசம் வரும், வேறொரு காரணத்தால். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 58 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு நாள் ஆப்பிள் துண்டுகள், இன்னொரு நாள் ஆப்பிள் கூழ், இன்னொரு நாள் ஆப்பிள் சாறு, வேறொரு நாள் ஒன்றுமில்லை. ஆப்பிள் துண்டுகளை மென்று தின்ற நாளில், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே, மொத்தத்தில் சுமார் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். கூழுக்கும் சாறுக்கும் அந்த அளவு பலன் இல்லை.

எடை குறைய வேண்டும் என்பவர்களுக்கு இதிலிருந்தே நேரம் கிடைத்துவிடுகிறது. மதியம் சோற்றுக்கு உட்காருவதற்குக் கால் மணி முன்னால் தின்னுங்கள். அல்லது சாயங்காலம் நாலு மணிக்கு. நம் ஊரில் அந்த நாலு மணிதான் ஆபத்தான வேளை: டீ, கூடவே பஜ்ஜியோ சமோசாவோ க்ரீம் பிஸ்கட்டோ. டீக்கு முன்னால் ஆப்பிளைத் தின்று முடித்துவிட்டால் பஜ்ஜி மீது ஆசை பாதியாகும். பஜ்ஜியும் தின்று ஆப்பிளும் தின்றால் 90 கலோரி கூடுவதுதான் மிச்சம். விருந்து முடிந்ததும் தட்டில் நறுக்கி வைக்கும் ஆப்பிளுக்கும் இதே கணக்குதான். மரியாதைக்குத் தின்னலாம், உடம்புக்கு என்று நினைக்க வேண்டாம்.

படி 6: எப்படித் தின்பது

கடித்து. பல் நன்றாக இருப்பவருக்கு இதை விடச் சிறந்த முறை இல்லை. நேரமாகும், அந்த நேரம்தான் வயிறு நிறைந்ததை மூளை உணர உதவுகிறது. பல் முடியாதவர்கள் மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொள்ளலாம், தோலோடு துருவித் தயிரில் கலக்கலாம். துருவி, வறுத்த வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சடியாக்கினால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். இட்லித் தட்டில் ஐந்தாறு நிமிடம் வேகவைத்தாலும் பெக்டின் போகாது. வயதானவர்களுக்கு அதுவே நல்ல வழி.

பள்ளிக்கூட டப்பாவில் வைப்பதென்றால் நறுக்கியதும் உப்புத்தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், அல்லது எலுமிச்சைச் சாறு தடவுங்கள். பழுப்பாவது தள்ளிப்போகும். ரப்பர் பேண்ட் தந்திரமும் உண்டு: பழத்தை நாலாக நறுக்கி, பழைய மாதிரியே சேர்த்து வைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் காற்றுப் படாது.

ஜூஸ் பற்றி. வடிகட்டிய ஆப்பிள் சாற்றில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. சர்க்கரை சேர்க்காததாக இருந்தாலும் 200 மில்லி டப்பாவில் 20 கிராமை ஒட்டிச் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன், இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். கடையில் ஐஸ்கிரீம் போட்டு அடிக்கும் ஆப்பிள் மில்க்‌ஷேக்கை ஆரோக்கியக் கணக்கில் எழுதவே முடியாது. பிறந்தநாள் கணக்கில் எழுதலாம். இன்னொரு விஷயம்: அழுகிய ஆப்பிளில் வளரும் ஒரு பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். அதனால்தான் ஆப்பிள் சாற்றில் பாட்டுலின் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தெருவோரக் கடைகளில் அடிபட்ட பழம் மிக்ஸிக்குள் போவது தெரிந்த கதை. வீட்டிலும் ஒரு பக்கம் அழுகி, பூஞ்சை பிடித்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஜூஸ் போடாதீர்கள். முழுசாகக் குப்பைக்குத் தள்ளுங்கள். தட்டுப்பட்டுக் கன்றிய இடம் மட்டும் என்றால் பயமில்லை, அதை நீக்கிவிட்டுத் தின்னலாம்.

விதையில் அமிக்டலின் இருக்கிறது, கடித்து மென்றால் சயனைடாக மாறும். கேட்கப் பயமாக இருக்கும். தவறி ஒன்றிரண்டு விழுங்கினால் ஒன்றும் ஆகாது, முழு விதை அப்படியே வெளியே போய்விடும். நடுத்தண்டோடு மிக்ஸியில் அரைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆப்பிள் சைடர் வினிகர் இந்தக் கட்டுரையில் வராது. அது வேறு பண்டம், பல் எனாமலுக்கு எதிரி.

படி 7: சர்க்கரை நோய் உள்ளவர்கள்

"சுகர் இருக்கு, பழமே தொடறதில்லை" என்று சொல்பவர் காலையில் நாலு இட்லி, மதியம் மூன்று கரண்டி சோறு என்று போய்க்கொண்டிருப்பார். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் கிளைசெமிக் குறியீடு ஆப்பிளுக்கு 40-ஐ ஒட்டியே இருக்கிறது, தாழ்ந்த வகை. அதன் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை என்பதாலும் பெக்டின் வேகத்தைக் குறைப்பதாலும் ரத்தச் சர்க்கரை மெல்ல ஏறும். ஆனாலும் அளவு முக்கியம். 100 கிராமில் 14 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கிலோவுக்கு எட்டு நிற்கும் சிறிய பழம் ஒன்று, அல்லது பெரியதில் பாதி. சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில், ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு தின்னுங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தின்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு முறை பாருங்கள். எல்லோர் உடம்பும் ஒன்றல்ல, உங்கள் எண் உங்களுக்குச் சொல்லும். இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1835-இல் வேதியியலாளர்கள் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காய்ச்சல் மருந்தாகும் என்று நினைத்தார்கள். அது சிறுநீரகத்தில் சர்க்கரை திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்பது 1880-களில் தெரிந்தது. அதை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தவைதான் இன்று நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாக விற்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். உடனே "ஆப்பிளில் சுகர் மாத்திரை இருக்கிறது" என்று ஃபார்வேர்டு தட்ட வேண்டாம். பழத்தில் ஃப்ளோரிசின் சொற்பம், தின்றால் குடலிலேயே உடைந்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆப்பிள் தின்றால் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான்.

படி 8: யார் கவனமாக இருக்க வேண்டும்

நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைக்கும் பண்டங்களில் ஒன்று. வேகவைத்து மசித்தோ, துருவியோ கொடுங்கள். ஒரு வயதுக்குள் ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

அடிக்கடி வயிறு உப்பும், கலங்கும், ஐபிஎஸ் (IBS) என்ற குடல் எரிச்சல் நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் ஆப்பிள் ஒத்துவராமல் போகலாம். மலச்சிக்கலைத் தீர்க்கும் அதே சார்பிட்டாலும் ஃபிரக்டோஸும் இவர்களுக்கு வாயுவைக் கிளப்பும். கால் பழத்தில் தொடங்கிப் பாருங்கள், தொந்தரவு என்றால் பப்பாளிக்கு மாறிவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறில் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது ஓர் ஆறுதல் பழம். 100 கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கும் பொட்டாசியம் ஆப்பிளில் சுமார் 107-தான். எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

அலர்ஜிக்கு ஃபெக்சோஃபெனடின் மாத்திரை போடுபவர்கள் அதை ஆப்பிள் சாறோடு விழுங்கக் கூடாது. மாத்திரை உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். தண்ணீரில் போடுங்கள்.

ஆப்பிள் தின்றதும் வாய், உதடு, தொண்டை அரித்தால் பச்சையாகத் தின்பதை நிறுத்துங்கள். சிலருக்கு இந்த ஒவ்வாமை உண்டு, வேகவைத்தால் பெரும்பாலும் வராது. மூச்சுத் திணறல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பல்லுக்கு ஆப்பிள் பிரஷ் மாதிரி என்பது சரியல்ல. அதில் அமிலம் இருக்கிறது. தின்றதும் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள்.

படி 9: பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

தொடங்குவதற்கு முன் ஒரு முறை ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், எடையைக் குறித்து வையுங்கள். முதல் வாரம் பாதிப் பழம், குடல் பழகட்டும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள். மலச்சிக்கல் விஷயத்தில் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். எல்டிஎல் 5, 6 புள்ளி இறங்கியிருந்தால் ஆப்பிள் தன் வேலையைச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த மூன்று மாதத்தில் எண்ணெயும் இனிப்பும் எப்படி இருந்தன என்று யோசியுங்கள்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதைத் தொடர வேண்டும். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். பிரிட்டனில் 50 வயது தாண்டிய எல்லோருக்கும் தினம் ஓர் ஆப்பிள் கொடுத்தால் ஆண்டுக்கு சுமார் 8,500 இதய, ரத்தநாள மரணங்களைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும், மருந்து எடுக்காத எல்லோருக்கும் ஸ்டாட்டின் கொடுத்தால் 9,400 என்று வந்தது. இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆட்கள் உண்டு. கணக்குப் போட்ட ஆய்வாளர்களே, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆப்பிளுக்கு மாற வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

விலை ஏறும் மாதங்களில் பிடிவாதமாக ஆப்பிளையே தேட வேண்டியதில்லை. ஒரு கொய்யாவில் நார்ச்சத்து ஆப்பிளை விட அதிகம், பெக்டினும் உண்டு. கோடையில் நாவல் பழம், மழைக்காலத்தில் சீத்தாப்பழம், பேரிக்காய் என்று மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் சீத்தாப்பழத்தில் மட்டும் கையைக் கட்டுங்கள். ஆகஸ்டில் இமாசலப் பெட்டிகள் வந்திறங்கியதும் மறுபடி ஆப்பிளுக்கு வரலாம், அப்போது கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.